டிராக்ஸ்டர் மாடலில் பிழை வந்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மன்னார்குடியிலிருந்து அக்கா மகன் ஒரு போட்டோ அனுப்பினான். கூடவே போனும் வந்தது. “மாமா, கறுப்பு அடிச்சேன். அஞ்சு நிமிஷத்துல மேல பால் ஊத்துன மாதிரி ஆயிடுச்சு. பெயிண்ட் கெட்டுப்போச்சா?”

“மழை எப்படா விட்டுச்சு?”

“விடிகாலையில. நான் எட்டு மணிக்கு அடிச்சேன்.”

பெயிண்ட் கெடவில்லை. ஐப்பசி மாதத்தில், மழை விட்ட காலையில், எட்டு மணிக்கு லாக்கர் (தின்னரில் கரைந்து சீக்கிரம் காய்கிற பெயிண்ட்) அடித்தால் அப்படித்தான் ஆகும்.

கும்பகோணத்தில், காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில், மாடியறையில் உட்கார்ந்து 1:25 அளவில் டிராக்ஸ்டர், அதாவது நேர்கோட்டில் பாய்கிற பந்தயக் கார், பிளாஸ்டிக் மாடலாகச் செய்துவருகிறேன். இத்தனை நாளில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் ஒன்று உண்டு. பிழை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பதில்லை. அதற்கு முந்தின வேலையில் இருக்கும். பல சமயம் அதற்கும் முந்தின வேலையில் இருக்கும். டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற படம்) வெளுத்தால் அடியிலுள்ள பெயிண்டைப் பார்க்க வேண்டும். குரோம் மங்கினால் அதற்குக் கீழே இருக்கிற கறுப்பைப் பார்க்க வேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறியையும் அப்படியே எழுதுகிறேன். உங்கள் மேசையில் இருப்பது எதுவோ அங்கே நேராகப் போங்கள்.

சேஸிஸைக் கீழே வைத்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது

இன்றைய டாப் ஃப்யூயல் (மிக வேகமான வகை) டிராக்ஸ்டரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 300 அங்குலம், அதாவது 7.62 மீட்டர். 1:25-இல் அது 305 மி.மீ. ஒரு அடி ஸ்கேல் அளவு நீளம், ஈர்க்குச்சி கனம். இப்படி ஒரு பிளாஸ்டிக் சட்டம் பெட்டிக்குள் வளையாமல் வந்து சேர்வது அபூர்வம்.

முதலில் மேசையைச் சந்தேகப்படுங்கள். நம் வீட்டு மர மேசை எதுவும் சமமாக இருக்காது. படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் ஒன்றரை அடிக்கு அரையடி கண்ணாடி வெட்டி வாங்கி, அதன் அடியில் கிராஃப் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். சேஸிஸை அந்தக் கோட்டின்மேல் வைத்து, மேலிருந்தும், கண்ணைக் கண்ணாடி மட்டத்துக்கு இறக்கியும் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது கோட்டை விட்டு விலகினால் அது வளைவு. பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒரு மூலை தூக்கினால் அது முறுக்கு. இரண்டும் சேர்ந்தும் வரும்.

வைத்தியம் வெந்நீர்தான். சட்டியில் இந்த நீளம் படுக்காது. கல்யாணச் சீர் வைக்கிற பெரிய தாம்பாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு அதில் ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் ஆகாது. பாலிஸ்டைரீன் 100 டிகிரி வாக்கில் முழுக்கத் தளர்ந்து கூழாகிவிடும். சேஸிஸை ஒரு நிமிடம் முக்கி எடுத்து, வளைந்த திசைக்கு எதிராக, தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வளையுங்கள். அது சிறிது திரும்பி வரும். உடனே கண்ணாடிமேல் படுக்கவைத்து, பக்கத்தில் இரும்பு ஸ்கேல் கொடுத்து, மேலே கனம் வைத்து, ஆறும்வரை தொடாதீர்கள். ஒரே தடவையில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை செய்யலாம்.

பெயிண்ட் அடித்த சேஸிஸுக்கு இந்த வைத்தியம் செய்யாதீர்கள். கோணல் பிளாஸ்டிக்கில் இல்லாமல் ஒட்டிய மூட்டில் இருந்தாலும் வெந்நீர் உதவாது. அந்த மூட்டை மெல்லிய ரம்பத்தால் அறுத்துப் பிரித்து, கண்ணாடிமேல் வைத்தபடியே திரும்ப ஒட்டுவதுதான் வழி. மனசு கேட்காது, ஆனால் அறுங்கள்.

அடித்த பெயிண்ட் பால் போல வெளுக்கிறது

நம் ஊரில் அதிகம் பேரைப் படுத்துவது இதுதான். மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? கசிந்து ஆவியாகிற நீர் பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. லாக்கர் தின்னரும் அதைத்தான் செய்கிறது, இன்னும் வேகமாக. தின்னர் ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு சில்லென்று ஆகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிபோல் படிந்து, காய்கிற பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அந்த வெண்மை ஈரம்தான்.

லேசாக வெளுத்திருந்தால் காப்பாற்றலாம். வெயில் வந்த ஒரு நண்பகலில், ரிடார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் ஒரு அடி தள்ளி நின்று மிக மெலிதாகத் தூவுங்கள். மேல்தோல் இளகி, அடைபட்ட ஈரம் வெளியேறி, நிறம் திரும்பும். கெட்டியாக வெளுத்திருந்தால் இரண்டு நாள் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு மறுபடி அடியுங்கள். ஈரத்தின்மேலேயே இன்னொரு கோட்டு அடித்து மூடப் பார்க்காதீர்கள்.

வராமல் தடுப்பது எப்படி? ஈரப்பத மீட்டர் வாங்கலாம். என் வீட்டில் இருப்பது ஒரு கிண்ணம் பொரி. பெயிண்ட் அடிக்கிற அறையில் அதைத் திறந்து வைப்பேன். கால் மணி நேரத்தில் நமுத்துப்போனால் அன்றைக்கு லாக்கர் டப்பாவைத் திறப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் இன்ஜின் வேலை, வயர் வேலை என்று வைத்துக்கொள்வேன். பாடி பெயிண்ட் எல்லாம் தை பிறந்த பிறகு, காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குள்.

இதோடு குழப்பிக்கொள்கிற இன்னொரு அறிகுறி உண்டு. முழுக்க வெளுக்காமல் அங்கங்கே நீர்ப்பொட்டு மாதிரி வட்டமாகத் தெரிந்தால், அது பெயிண்ட் தூவக் காற்று தருகிற கம்ப்ரஸரிலிருந்து வருகிற தண்ணீர். அழுத்தப்பட்ட காற்றிலிருக்கும் ஈரம் குழாய்க்குள்ளேயே நீராகிவிடுகிறது. அந்த நீரைப் பிடிக்கிற வாட்டர் டிராப் மாட்டுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து வடித்துவிடுங்கள்.

சித்திரையில் தலைகீழாக நடக்கும். பெயிண்ட் ரவை தூவினதுபோலச் சொரசொரப்பாக இருக்கும். துளி மாடலைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கையைக் கிட்டக் கொண்டுவாருங்கள், மெதுவாகக் காய்கிற தின்னருக்கு மாறுங்கள், வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

பெயிண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் வெடித்து, வலை வலையாகத் தெரிகிறது

கார் பெயிண்ட் கடை என்.சி. தின்னரை வெறும் பிளாஸ்டிக்கில் அடித்திருக்கிறீர்கள். அது பாலிஸ்டைரீனைக் கரைக்கும். வெடிப்பு ஆழமாக இல்லையென்றால் 400, 800 என்று தேய்த்து இறக்கி, மாடலுக்கான பிரைமரை மெலிதாக மூன்று தடவை தூவுங்கள். எந்தப் பெயிண்டையும் முதலில் ஸ்ப்ரூ (பாகங்களைத் தாங்கிவருகிற பிளாஸ்டிக் கம்பி) துண்டில் அடித்துப் பாருங்கள்.

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு வெள்ளை அடித்து, அது ரோஜா நிறமாக மாறினால் காரணம் வேறு: பிளாஸ்டிக்கின் சாயம் மேலே ஊறி வருகிறது. எத்தனை கோட்டு வெள்ளை அடித்தாலும் நிற்காது. நடுவில் ஒரு சில்வர் கோட்டு கொடுத்தால் நின்றுவிடும்.

தேய்த்து மறைத்த மூட்டுக்கோடு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருகிறது

பசையில் கரைந்து உப்பியிருந்த பிளாஸ்டிக்கை, அது முழுக்கக் காயும் முன் தேய்த்துவிட்டீர்கள். பிறகு அது சுருங்கி உள்ளே போய்விட்டது. இன்ஜின் பிளாக்கின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டு ஒரு வாரமாவது விடுங்கள். மழைநாளில் பத்து நாள்.

குரோம் பாகம் ஒட்டமாட்டேன் என்கிறது, அல்லது நடுவில் கோடு தெரிகிறது

கிட்டில் (பாகங்கள் அடங்கிய மாடல் பெட்டியில்) வருகிற குரோம், வார்னிஷ் பூச்சின்மேல் ஆவியாகப் படியவைத்த அலுமினியம். பசை அந்த அலுமினியத்தைப் பிடிக்குமே தவிர பிளாஸ்டிக்கைத் தொடாது. ஆகவே ஒட்டுகிற இடத்தில் மட்டும் கத்தி முனையால் சுரண்டிவிட்டு ஒட்டினால் போதும்.

டிராக்ஸ்டரில் பெரிய தலைவலி எக்ஸாஸ்ட் குழாய்கள். நாலும் நாலும் எட்டு, மேல்நோக்கி வளைந்து நிற்பவை. ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் அச்சுக்கோடு. அதைத் தேய்த்தால் குரோம் போய்விடும். எனவே முழுக்கக் கழற்றிவிடுவதுதான் நல்லது. துணி வெளுக்கிற ப்ளீச்சில் கொஞ்ச நேரம் போட்டால் அலுமினியம் போய்விடும். கையுறை போட்டுக்கொண்டு, கொல்லைப்புறத்தில் காற்றோட்டமாக வைத்துச் செய்யுங்கள். கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிட் வகை எதையும் ப்ளீச்சோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. அப்புறம் கோட்டைத் தேய்த்து, பளபளப்பான கறுப்பு அடித்து, அதன்மேல் குரோம் பெயிண்டைக் குறைந்த அழுத்தத்தில் மெலிதாகத் தூவுங்கள்.

குரோம் மங்கிச் சாம்பல் சில்வராக வந்தால், கறுப்பில் முகம் தெரிந்ததா என்று பாருங்கள். கறுப்பு கண்ணாடி மாதிரி இல்லையென்றால் மேலே அடிப்பது குரோம் ஆகாது. கறுப்பு காயவில்லையென்றாலும் அதேதான். எனாமல் கறுப்பு என்றால் நான் நாலு நாள் விடுகிறேன்.

ஸ்பார்க் பிளக் வயர் பொருந்தாமல், கயிறு கட்டினதுபோல இருக்கிறது

இந்த வேலையில்தான் எனக்கு ஆசை அதிகம். ஒரு டிராக்ஸ்டருக்கு உயிர் வருவது இங்கேதான்.

அளவை முதலில் கணக்குப் போடுங்கள். நிஜ வயர் ஏறக்குறைய 8 மி.மீ. கனம். 25-ஆல் வகுத்தால் 0.32 மி.மீ. தையல் நூல் அந்தக் கனத்தில் இருந்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரோமம் சிலிர்த்து நிற்கும். நம் ஊரில் இதற்கு அருமையான பொருள் ஒன்று தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் 30 கேஜ் எனாமல் செம்புக்கம்பி கேளுங்கள். அதன் கனம் 0.315 மி.மீ. வெட்டி எறிகிற துண்டே ஒரு வருடத்துக்குப் போதும். எரிபொருள் குழாய்க்கு 20 கேஜ், 0.91 மி.மீ.

பெயிண்ட் உரிந்து வருகிறதென்றால் எனாமல் வழுவழுப்பாக இருப்பதுதான் காரணம். 1000 நம்பர் தாளை மடித்து, கம்பியை அதற்குள் வைத்து ஒரே இழுப்பு இழுங்கள். பிறகு பிரைமர், பிறகு நிறம்.

விறைப்பாக நிற்கிறதென்றால் நீளம் போதவில்லை. நிஜ வயர் தொய்ந்து, வளைந்துதான் பிளக்குக்குப் போகும். தேவையைவிட 10 மி.மீ. கூடுதலாக வெட்டி, பல்குச்சிமேல் ஒரு வளைவு கொடுங்கள். ஹெமி (அரைக்கோள வடிவ எரியறை கொண்ட) வகை இன்ஜினில் பிளக் பக்கவாட்டில் இருக்காது. வால்வு கவரின் நடுவில் இருக்கும் குழிக்குள் வயர் இறங்கும். அந்தக் குழி கிட்டில் வெறும் மேடாகத்தான் இருக்கும். நகைப் பட்டறைச் சாமான் விற்கிற கடையில் 0.4 மி.மீ. துரப்பண ஊசி கிடைக்கும். முதலில் ஊசி முனையால் நடுவில் ஒரு பொட்டு வையுங்கள், இல்லாவிட்டால் துரப்பணம் வழுக்கும். பிறகு விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். வெள்ளைத் தூள் சுருள் சுருளாக மேலே வரும். தூள் நின்றுபோனால் அழுத்தாமல் வெளியே எடுத்து, ஊசியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் இறக்குங்கள். அழுத்தினால் ஊசி உள்ளேயே முறியும். அந்த மேட்டை வெட்டித்தான் எடுக்க முடியும்.

மேக்னெட்டோ (பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தருகிற கருவி) பக்கம் முதலில் ஒட்டி, அது இறுகிய பிறகு மறுமுனையைப் பிளக்கில் செருகுங்கள். இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் ஒன்று வந்துவிடும்.

வயர்கள் கொத்தாகக் குழம்புகிறதென்றால் வரிசை தவறு. கிரைஸ்லர் ஹெமியின் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநரின் இடப்பக்கச் சிலிண்டர்கள் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7; வலப்பக்கம் 2, 4, 6, 8. மேக்னெட்டோ மூடியைச் சுற்றி அந்த வரிசையில் கொடுத்தால் எந்த வயர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடும். இன்றைய டாப் ஃப்யூயல் இன்ஜினுக்கு ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், இரண்டு மேக்னெட்டோ; ஆக 16 வயர். எட்டு மட்டும் போட்டுவிட்டு ஏன் காலியாகத் தெரிகிறது என்று கேட்பவர்கள் உண்டு.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் வண்டி பொய்யாகத் தெரிகிறது

காலம் கலந்திருக்கும். 1970 மார்ச் 8-ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில் டிராக்ஸ்டர் பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் வண்டியில் டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அதுவரை இன்ஜின் முன்னால், அதற்குப் பின்னால் ஓட்டுநர். அந்த விபத்துக்குப் பிறகு அவர் இன்ஜினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துப் புது வண்டி கட்டினார். அது 1971-இல் ஜெயிக்கத் தொடங்கியதும் சில வருடங்களில் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். உங்கள் மாடலில் இன்ஜின் ஓட்டுநருக்கு முன்னால் இருந்தால் அது அந்தப் பழைய காலம். அதற்கு இன்றைய 16 வயரும், 300 அங்குல நீளமும், இன்றைய வண்டியின் உயரமான பின் இறக்கையும் சேராது. கத்தியைத் தொடும் முன்னே எந்த வருடத்து வண்டி என்று முடிவுசெய்து, அந்த வருடத்துப் போட்டோ இரண்டையாவது சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பின் டயர். நிஜத்தில் அதன் விட்டம் 36 அங்குலம், காற்றோ 7 பி.எஸ்.ஐ. வாக்கில்தான் இருக்கும். வண்டி நிற்கும்போது அடிப்பாகம் கொஞ்சம் அமுங்கித்தான் நிற்கும். மாடல் டயர் சுத்த வட்டமாக ஒரு புள்ளியில் தரையைத் தொட்டால் வண்டிக்குக் கனமே இல்லாததுபோல் இருக்கும். தரையில் படுகிற இடத்தை 220 தாளில் நாலு தேய் தேய்த்துத் தட்டையாக்குங்கள்.

டீகாலுக்கு அடியில் வெள்ளி மாதிரி மின்னுகிறது

காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. பெயிண்ட் சொரசொரப்பாக இருப்பதால் டீகால் அதன் முகடுகளில் மட்டும் ஒட்டி, பள்ளங்களில் காற்றை விட்டுவிட்டது. ஊசியால் நுண்ணிய துளைகள் குத்தி, டீகால் மென்மையாக்கும் திரவத்தைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். சுருங்குவதுபோலத் தெரியும், பயப்படாதீர்கள், கை வைக்காதீர்கள். காய்ந்ததும் படிந்துவிடும். அடுத்த வண்டிக்கு, டீகால் ஒட்டும் முன் பளபளப்பான கிளியர் (நிறமில்லாத பூச்சு) ஒரு கோட்டு.

மின்னாமல், ஓரங்களில் வெள்ளைக் கறை மட்டும் படிந்தால் அது போர் தண்ணீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், அங்கே நிலத்தடி நீரே உப்பு. பேட்டரி கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டரை மட்டும் டீகாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படிந்த கறையை அதே தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்கலாம்.

பழைய கிட்டின் டீகால் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாக உடைந்தால் மீதியை நனைக்காதீர்கள். தாளோடு வைத்தே மேலே கிளியர் லாக்கர் ஒரு கோட்டு அடித்துக் காயவிட்டு, ஒவ்வொன்றாக வெட்டிப் பயன்படுத்துங்கள்.

ஒட்டிய கண்ணாடி பாகம் புகை படிந்ததுபோல் ஆகிறது

சூப்பர் க்ளூவின் ஆவி. ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் படியும். கண்ணாடி பாகங்களுக்கு வெள்ளைப் பசை போதும். படிந்துவிட்டதென்றால் கிளியரில் ஒருமுறை முக்கி எடுத்தால் பெரும்பாலும் தெளியும்.

முடித்து ஷோகேஸில் வைத்த வண்டியின் சக்கரம் உருகியிருக்கிறது

என் முதல் வண்டி இப்படித்தான் போனது. இரண்டு கோடை கண்ணாடி அலமாரியில் நின்றது. ஒருநாள் தூசி தட்ட எடுத்தேன். பின் டயர் கையோடு சுழன்றது, ரிம் வரவில்லை. டயரை இழுத்துப் பார்த்தால், உள்ளே பிளாஸ்டிக் ரிம்மின் ஓரம் வெல்லப்பாகு மாதிரி இளகி டயரில் ஒட்டியிருந்தது.

மென்மையான வினைல் டயரில் அதை வளையவைக்கச் சேர்க்கிற எண்ணெய் போன்ற பொருள், நாளாக நாளாக வெளியே கசியும். அது பாலிஸ்டைரீனைக் கரைக்கும். வெயில் சூடு அதை வேகப்படுத்தும். பழைய கிட்டுகளில் இது அதிகம். பெட்டிக்குள்ளேயே டயர் பட்ட பாகங்கள் உருகிக் கிடப்பதைப் பார்க்கலாம். பெட்டியைத் திறந்ததும் டயர்களைத் தனிப் பையில் போட்டுவிடுங்கள்.

உருகின ரிம்மை புட்டி வைத்து உருட்டி எடுக்கலாம். டயர் மறைக்கிற இடம்தானே, முகப்பு கெடாமல் இருந்தால் போதும். அதன்பிறகு டயர் மாட்டும் முன் ரிம்மைச் சுற்றி பிளம்பர் பயன்படுத்துகிற டெஃப்ளான் டேப் இரண்டு சுற்று சுற்றுங்கள். வெளியே தெரியாது, கசிவு பிளாஸ்டிக்கைத் தொடாது. டயர்மேல் எனாமல் பெயிண்டில் எழுத்து எழுதியிருந்தால், அது மாதக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும். காரணம் அதே எண்ணெய்தான். துடைத்துவிட்டு அக்ரிலிக்கில் எழுதுங்கள்.

டயரை ரிம்மோடு ஒட்ட வேண்டாம். சும்மா செருகி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, கோடை முடிந்ததும், கழற்றி உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். பிசுக்கென்று இருந்தால் டேப்பை மாற்றிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்.